மணி பிளான்டுக்கு ஒரு மரம் செய்தேன்

தருமபுரியில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினோரு ஆண்டுகளாக ஒரு மணி பிளான்ட் கொடி உயிரோடு இருந்துவந்தது. வளர்ந்துவந்தது என்று எழுத மனம் ஒப்பவில்லை. மண்தொட்டியிலிருந்து கிளம்பிய கொடி ஜன்னல் கம்பியைச் சுற்றி, சுவரில் அடித்த ஆணிகளுக்கிடையே கட்டிய நூலைப் பிடித்து நடந்து, பீரோவின் தலைக்கு மேல் ஏறி, அங்கிருந்து பின்பக்கமாகத் தொங்கியது. கயிறு வைத்து அளந்தபோது 13 அடி இருந்தது. அதில் முதல் 8 அடி இலையே இல்லாத வெறுந்தண்டு. கடைசி 5 அடியில் 22 இலைகள். அவற்றுள் அகலமானது 7 சென்டிமீட்டர். நுனியை நோக்கிப் போகப் போக இலை சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி இலை ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக இருந்தது. நுனியோ பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இருட்டு இடுக்கில் புகுந்து வெளிறிப் போயிருந்தது.

இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. மணி பிளான்ட் என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கடந்த ஆண்டு மாசி மாதம் உறவினர் திருமணத்துக்காகப் பாலக்காட்டுப் பக்கம் போனபோது, மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தென்னை மரத்தில் தரையிலிருந்து பாதி மரம் வரை ஒரு கொடி அப்பிக்கொண்டு ஏறியிருந்ததைப் பார்த்தேன். தண்டு என் கட்டைவிரலைவிடத் தடிமன். இலைகள் முறம் அளவுக்கு விரிந்து, ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கிக் கிழித்துவிட்டதுபோலப் பிளவுபட்டிருந்தன. கீழே விழுந்து கிடந்த ஓர் இலையை எடுத்து முழங்கையோடு வைத்துப் பார்த்தேன். ஒரு முழத்தைத் தாண்டியது. இது என்ன கொடி என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டேன். "உங்க வீட்டு ஜன்னல்ல பாட்டில்ல வெச்சிருப்பீங்களே, அதுதான் சார்" என்றார். நான் நம்பவில்லை. அவர் கொடியின் அடிப்பகுதியை விலக்கிக் காட்டினார். அங்கே மண்ணில் படர்ந்து கிடந்த ஒரு கிளையில், மஞ்சள் தீற்றல்களோடு, எங்கள் வீட்டு இலைகள் அப்படியே இருந்தன. ஒரே கொடி: தரையில் கிடந்த பகுதியில் உள்ளங்கை இலை, மரத்தில் ஏறிய பகுதியில் முறம்.

ஊர் திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எபிப்ரெம்னம் ஆரியம் என்று தாவரவியலார் அழைக்கும் இந்தக் கொடியின் தாயகம் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த சொசைட்டி தீவுகளில் ஒன்றான மோரேயா. டஹீட்டிக்குப் பக்கத்துத் தீவு. எரிமலையால் உருவான அந்தத் தீவின் உச்சி 1,207 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பதினேழரை டிகிரியில் அது இருக்கிறது. வடக்கே பன்னிரண்டு டிகிரியில் தருமபுரி. ஆகவே வெயிலும் சூடும் இந்தக் கொடிக்குப் புதியவை அல்ல. சுற்றிலும் கடல் இருப்பதால் அங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் என்பதும், மரப்பட்டை காய்வதே அரிது என்பதும்தான் வேறுபாடு. எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதுவும் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் துணி அரை மணி நேரத்தில் காய்கிற காற்றில், பட்டையைப் பிடித்து வாழும் வேர் என்ன செய்யும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மூன்று மாத வேலை மிச்சமாகியிருக்கும்.

சொந்த இடத்தில் இந்தக் கொடி மரத்தைப் பற்றி 20 மீட்டர் உயரம் வரை ஏறும். முதிர்ந்த இலை ஒரு மீட்டர் நீளத்தைக்கூடத் தொடும். கணுவுக்குக் கணு வேர் விடும். குட்டையாக இருந்து மரத்தைக் கவ்விக்கொள்பவை சில, நீண்டு இறங்கி நீரும் சத்தும் தேடுபவை சில. இளம்பருவ இலை, முதிர்ந்த இலை என்று இரண்டு வடிவம் இதற்கு உண்டு. ஏறுவதற்குப் பிடிமானம் கிடைத்தால்தான் முதிர்ந்த வடிவத்துக்கு அது போகும். தொங்கவிட்டால் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் குழந்தை இலைதான். எங்கள் வீட்டில் பதினோரு வயதுக் கொடி ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது என்பது இப்படித்தான் புரிந்தது.

பெயரில் இந்தக் கொடி பட்ட பாடு தனிக்கதை. 1880இல் லிண்டன், ஆந்த்ரே இருவரும் இதைப் போதோஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். பிறகு சின்டாப்சஸ் ஆனது, அதன்பின் ராஃபிடோஃபோரா ஆனது, 1964இல் பன்டிங் என்பவர் இப்போதைய பேரினத்துக்கு மாற்றினார். பூவைப் பார்த்துத்தான் பேரினம் முடிவு செய்வார்கள். இதுவோ பூப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அரிதாகப் பூப்பது. ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தயாரிக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக இயங்காததே காரணம் என்று 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்துப் பூக்கவும் வைத்திருக்கிறார்கள். குடும்பம் மட்டும் நமக்கு நன்றாகத் தெரிந்ததே: சேம்பும் சேனைக்கிழங்கும் இதன் பங்காளிகள். இந்த உறவு பின்னால் என் கையில் அரிப்பாக வந்து நின்றது.

என்னோடு பணிபுரியும் நண்பரின் மாமாவுக்குக் கடத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. வெற்றிலை மிளகின் குடும்பம். மணி பிளான்டுக்கு உறவில்லை. ஆனாலும் ஏறும் கொடியின் குணத்தை அவரைவிடத் தெரிந்தவரை எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வரிசையாக நின்ற அகத்தி மரங்களில் கொடியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். என் கொடியின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தொங்கவுட்ட கொடி தூங்குது தம்பி. ஏத்திக் கட்டு, முழிச்சுக்கும்" என்றவர், ஒரு வெற்றிலைக் கொடியைத் திருப்பிக் காட்டினார். தண்டுக்கு முகமும் முதுகும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். வேர் முளைக்கும் பக்கத்தில் கணுவருகே சிறு முண்டுகள் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல்நுனிக்குத் தெரியும். அந்தப் பக்கம் மரத்தை ஒட்டியிருக்க வேண்டும். கட்டும் முடிச்சை இலைக்காம்பின் மேல் போடக் கூடாது. கணுவுக்குச் சற்றுக் கீழே, தண்டில் போட வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், வாழை நார் போதும், வேர் பிடிக்கும் நாளுக்குள் அது தானாக மக்கி விழுந்துவிடும் என்றார். கிளம்பும்போது ஒரு கட்டு வாழை நாரும் கொடுத்தார்.

பங்குனி மாதம் முதல் முயற்சி. கடையில் விற்கும் மூன்றடித் தேங்காய் நார்க் கம்பம் ஒன்றை வாங்கி வந்தேன். உள்ளே ஒரு மரக்குச்சி, அதன் மேல் அரை அங்குலத்துக்கு நார் சுற்றி நூலால் இறுக்கியிருந்தார்கள். அதைத் தொட்டியில் குத்தி, 13 அடிக் கொடியையும் வெட்டாமல் பாம்புபோலச் சுற்றிக் கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிர அதனால் பயனில்லை. பத்து நாளில் கணுக்களில் வெள்ளை வெள்ளையாக வேர்முனை எட்டிப் பார்த்தது. மூன்று மில்லிமீட்டர் வந்ததும் நுனி பழுப்பாகி, பேனா முனை போலக் காய்ந்து நின்றுவிட்டது. ஒன்றல்ல, ஒன்பது கணுக்களில் இப்படியே. காலையில் தண்ணீர் தெளித்தால் பத்து மணிக்கு நார் சருகாகிவிடும். அரை அங்குல நாரில் எவ்வளவு ஈரம் நிற்கும்? மோரேயாவின் மரப்பட்டையை நான் தருமபுரியின் சித்திரையில் அரை அங்குல நாரால் நடிக்க வைக்கப் பார்த்தேன்.

கொடியைச் சுற்றிக் கட்டியதும் தவறுதான். பழைய தண்டை எப்படி வளைத்தாலும் அதன் இலைகள் பெரிதாகப் போவதில்லை. ஏற்கெனவே விரிந்துவிட்ட இலை மேலும் விரியாது. புதிதாக வரும் இலைகளில்தான் மாற்றம் தெரியும். எனவே ஏற வேண்டியது நுனி. மற்றதை வெட்டிப் பதியம் போட்டுக்கொள்ளலாம்.

ஆனி முதல் வாரத்தில் இரண்டாவது கம்பத்தைச் செய்தேன். அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வலை, ஓரடி அகலம், நான்கடி நீளம். அகலவாட்டில் உருட்டி, ஓரத்தை ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டுக்கம்பியால் முடுக்கினால், மூன்றரை அங்குலக் குறுக்களவுள்ள உருளை கிடைக்கும். வெட்டிய கம்பி முனைகள் கத்தி மாதிரி இருக்கும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். உருளையின் கொள்ளளவு ஏழரை லிட்டர். 650 கிராம் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்றை ஊற வைத்தால் 8, 9 லிட்டர் வரை உப்பும். ஆனால் அதை மட்டும் திணித்தால் களிபோல இறுகிக் காற்று புகாது. பாதிக்குப் பாதி நீளமான நாரும் நறுக்கிய மட்டைத் துண்டுகளும் கலந்தேன். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால், வாளியில் ஊறப்போட்டு, தேநீர் நிறத்தில் இறங்கும் சாற்றை மூன்று முறை வடித்துக் கொட்டினேன். நான்காவது முறை தண்ணீர் ஏறக்குறைய தெளிந்திருந்தது.

உருளையின் நடுவே முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை நிறுத்தி, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 3 மில்லிமீட்டர் துளைகள் போட்டிருந்தேன். மேலிருந்து குழாயில் தண்ணீர் ஊற்றினால் கம்பம் முழுவதும் சீராக நனையும் என்பது என் திட்டம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் தொழிற்பயிற்சி முடித்தவன் நான். ஊற்றிய தண்ணீர் நேரே அடிக்கு ஓடி, அடித்துளைகள் வழியாகத் தொட்டிக்குள் இறங்கியது. மேல் மூன்றடி நார் காய்ந்தே கிடந்தது. காய்கிறதே என்று நான் இன்னும் ஊற்றினேன். எல்லாத் தண்ணீரும் தொட்டிக்குப் போயிற்று. தொட்டி மண்ணோ நாற்றுப்பண்ணையில் மூட்டையாக வாங்கிய செம்மண்; ஈரத்தில் சேறு, காய்ந்தால் செங்கல்.

மூன்றாவது வாரம், கொடியிலிருந்து வெட்டி அந்தத் தொட்டியில் நட்ட மூன்று துண்டுகளில் இரண்டின் இலைகள் நீர் கோத்ததுபோல மஞ்சளாயின. ஒன்றை லேசாக இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. மண்மட்டத்தில் தண்டு கறுத்து, விரலால் அழுத்தினால் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் போல ஒரு நரம்பு மிச்சம். வாடையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். வேரழுகல் என்பதைப் படித்திருந்தாலும், மணி பிளான்டைத் தண்ணீரிலேயே வளர்க்கிறோமே, அதற்கு எப்படி வேர் அழுகும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. பாட்டிலில் இருப்பது தண்ணீருக்குப் பழகிய வேர், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் காற்றும் கரைந்திருக்கும். இறுகிய சேற்றில் காற்று அறவே இராது.

நல்ல வேளையாக, வெட்டிய மீதித் துண்டுகளை எறியாமல் பாட்டில்களில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கணுவுக்கு ஒரு துண்டு, கீழ்க்கணுவுக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டு, கீழ்க்கணு மட்டும் நீரில், மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றம். பன்னிரண்டாம் நாள் வேர் கண்டது. இலையற்ற வெறுந்தண்டுத் துண்டுகளைக்கூட ஈர நாரின்மேல் படுக்க வைத்திருந்தேன். அவற்றிலும் மூன்றில் பச்சைமொட்டு வந்தது. எட்டு ஆண்டு தூங்கிய கணுவும் விழித்துக்கொள்கிறது. இந்த வெட்டும் வேலையில்தான் சேனைக்கிழங்கின் உறவு நினைவுக்கு வந்தது. சேனையை நறுக்கினால் கை அரிக்கக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இதிலும் உண்டு. வேலையின் நடுவில் கண்ணோரம் தடவிக்கொண்டதில் மாலைவரை ஒரு கண் சிவந்திருந்தது. இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும் என்பதால், தவழும் குழந்தையும் பூனையும் நாயும் உள்ள வீட்டில் துண்டுகளைத் தரையில் போட்டு வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மா, "ஆட்டுக்குப் போடட்டுங்களா தம்பி?" என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லித் தடுத்தேன். ஓடைக்கரையில் கொட்டுவதும் ஆகாது. இலங்கையிலும் ஹவாயிலும் இப்படி வெளியேறிய கொடி காட்டுக்குள் புகுந்து மரங்களை மூடிவிட்டிருக்கிறது.

இதற்கிடையே இன்னொரு தவறும் நடந்துகொண்டிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சுத்திகரிக்க ஆர்.ஓ. இயந்திரமும் இருக்கிறது. அது கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஒரு குடத்தில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுவது பல ஆண்டுப் பழக்கம். சிக்கனம் என்றே நினைத்திருந்தோம். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நண்பரிடம் இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். கிணற்று நீர் 900ஐ நெருங்கியது. கழிவு நீர் 1,400ஐத் தாண்டியது. குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் கழிவு நீரில்தானே இருக்கும்? தொட்டியின் வெளிப்புறத்தில் பூத்திருந்த வெண்ணிறப் படிவையும் இலைநுனிகளில் தீய்ந்ததுபோலிருந்த பழுப்பு வளையத்தையும் இத்தனை நாள் சுண்ணாம்பு என்றும் வெயில் என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து ஆர்.ஓ. கழிவு நீர் வாசல் கழுவ மட்டுமே. செடிக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். மழை பெய்தால் மாடியிலிருந்து பிடித்த தண்ணீர்.

ஆடி மாதம் எல்லாவற்றையும் பிரித்து மூன்றாம் முறையாகக் கட்டினேன். இந்த முறை மண்கலவை: செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, உமிக் கருக்கும் கொண்டைக்கடலை அளவு செங்கல் துண்டும் சேர்த்து ஒன்றரைப் பங்கு. கையில் பிடித்து இறுக்கி விட்டால் உதிர வேண்டும். தொட்டி 12 அங்குலம், அடியில் துளையுள்ளது.

கம்பம் சாயாமல் நிற்பது அடுத்த சிக்கல். நனைந்த நார் நிரம்பிய நான்கடிக் கம்பம் கனம். தளர்ந்த மண்ணில் குத்தினால் ஒரு வாரத்தில் பைசா கோபுரம். கிருஷ்ணகிரி சாலையில் ஒரு கிரானைட் பட்டறையில் கழிவுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். அங்கே எட்டுக்கு எட்டு அங்குலச் சதுரமாக, 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டை வெட்டி, நான்கு துளையும் போட்டுத் தரச் சொன்னேன். இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக இருந்தது. அதன்மேல் குழாயைத் தாங்கும் முக்கால் அங்குல ஃபிளாஞ்ச் வளையம் ஒன்றை போல்ட் போட்டு இறுக்கி, ஃபிளாஞ்சில் எம்.டி.ஏ. என்ற மரை இணைப்பைத் திருகி, அதில் குழாயை ஒட்டினேன். நடுக்குழாய் இப்போது வெறும் முதுகெலும்பு. துளை எதுவும் இல்லை. கல் தொட்டியின் அடியில், துளையை அடைக்காமல் செங்கல் துண்டுகளின்மேல் உட்கார்ந்தது. அதற்கு மேல் மண்ணை நிரப்பியபின் கம்பத்தைப் பிடித்து உலுக்கினால் தொட்டியோடு சேர்ந்துதான் அசைகிறது.

தண்ணீருக்கு மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் புதிதாக ஒன்று வாங்கினேன். அதில் இருபது சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு வைத்தால் 300 மில்லி இறங்கப் பத்து மணி நேரம் ஆகும். காலை ஏழுக்குத் திறந்துவிட்டால் மாலை ஐந்துக்கு முடிகிறது. அடித் துளையிட்ட பாட்டிலைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு, குழாயின் முனையைக் கம்பத்தின் உச்சி நாரில் செருகினேன். இவ்வளவு மெதுவாகச் சொட்டும்போது தண்ணீர் ஓடாமல் நாரில் பரவி ஊறி இறங்குகிறது. மூன்றாம் நாள் கம்பத்தின் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் ஈரம் தெரிந்தது. வீட்டுக்கு வந்த என் சித்தி வாசலிலிருந்தே பாட்டிலைப் பார்த்துவிட்டு, "யாருக்குடா உடம்பு சரியில்ல?" என்று பதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

வேர் கண்ட மூன்று துண்டுகளை நட்டேன். இரண்டைக் கம்பத்தோடு, வேர் முளைக்கும் முதுகுப்பக்கம் நாரில் அழுந்தும்படி, வாழை நாரால் கணுவுக்குக் கீழே கட்டினேன். மூன்றாவதைத் தொட்டியின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டேன். தொங்கினால்தான் அழகு என்று என் மனைவி சொன்னதற்காகச் செய்தது அது. இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த உருப்படியான சான்று அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஒரே தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே தாய்க்கொடி.

வைக்கும் இடத்தையும் மாற்றினேன். மேற்கு ஜன்னலில் பங்குனி வெயில் நேராக விழுந்து சில இலைகள் வெளுத்துப் பொசுங்கியிருந்தன. வடக்குப் பக்க ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, புத்தகம் படிக்க விளக்குத் தேவைப்படாத வெளிச்சத்தில் நிறுத்தினேன். கம்பம் அறையின் இருண்ட பக்கமாகவும் கொடி வெளிச்சத்தின் பக்கமாகவும் இருந்தன. இதே குடும்பத்தைச் சேர்ந்த மான்ஸ்டெராவின் நாற்றுகள் வெளிச்சத்தை விட்டுவிட்டு இருட்டை நோக்கி ஊர்ந்து மரத்தின் அடியைக் கண்டுபிடிக்கின்றன என்று கோஸ்டா ரிகாவில் ஆராய்ந்து 1975இல் எழுதியிருக்கிறார்கள். காட்டுத் தரையில் இருட்டாகத் தெரிவது பெரும்பாலும் பருத்த மரந்தானே. அதைப் படித்ததிலிருந்து பீரோவின் பின்னால் போய் ஒளிந்த நுனியைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இனி நாட்குறிப்பிலிருந்து. ஆடி 20: கட்டிய நான்காம் நாரின் அருகே வேர்முனை, ஐந்து மில்லிமீட்டர், காயவில்லை. ஆவணி தொடக்கம்: வேர் வலைக்கண் வழியாக உள்ளே போய்விட்டது, லேசாக இழுத்தால் தண்டு வரவில்லை. அன்று ஒரு டம்ளர் தேநீரோடு அந்தக் கணுவின் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கம்பத்தில் வந்த மூன்றாவது இலை 8 சென்டிமீட்டர் அகலம், ஆறாவது 11. ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருந்தபோது பன்னிரண்டு நாளுக்கு ஓர் இலை வந்தது. பத்தாவது இலை 14. வாழை நார் முதல் கட்டுகளில் மக்கி விழுந்திருந்தது, கொடி விழவில்லை. மார்கழி, தையில் இரவுக் குளிருக்கு மாதத்துக்கு ஓர் இலைதான். சொட்டைப் பாதியாகக் குறைத்தேன், இல்லையென்றால் மறுபடியும் அழுகியிருக்கும். பங்குனியில் பதினைந்தாவது இலை: 19 சென்டிமீட்டர். பிளவு இன்னும் வரவில்லை. பாலக்காட்டு முறத்துக்கு இது வெகுதூரம். தண்டு மட்டும் பென்சிலிலிருந்து சுண்டுவிரலுக்கு வந்திருக்கிறது. வெளியே தொங்கவிட்ட மூன்றாவது கொடி இதே காலத்தில் நான்கடி நீண்டுவிட்டது. அதன் இலைகள் இன்றைக்கும் 7 சென்டிமீட்டர்.

விற்பனைக் கடைகளில் இந்தச் செடியின்மேல் காற்றைச் சுத்தம் செய்யும் என்று அட்டை மாட்டியிருப்பார்கள். 1989இல் நாசா செய்த ஆய்வை வைத்து வந்த பேச்சு அது. மூடிய சிறு அறைக்குள் நடந்த சோதனை அது. வீட்டில் ஜன்னல் வழியாகக் காற்று மாறுவதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019இல் வந்த ஒரு மதிப்பீடு கணக்குக் காட்டியது. திருடி வைத்தால்தான் செழிக்கும் என்ற நம்பிக்கையும் இந்த வகைதான். எங்கள் கொடி அடுத்த தெருவில் கேட்டு வாங்கியது.

சித்திரை முதல் வாரத்தில் இரண்டு கொடிகளில் ஒன்று கம்பத்தின் உச்சியைத் தொட்டது. வேலைப்பளுவில் மூன்று வாரம் கவனிக்காமல் விட்டுவிட்டேன். நுனி பிடிமானம் இல்லாமல் வெளியே வளைந்து தொங்கி, அதற்குள் இரண்டு இலை விட்டிருந்தது. முதல் இலை 18 சென்டிமீட்டர், அடுத்தது 15. அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். அன்று மாலையே கடைக்குப் போய் முக்கால் அங்குல கப்ளிங் ஒன்றும் இரண்டடிக் குழாயும் வாங்கி வந்தேன். பசை போடாமல் வெறுமனே செருகி, இரண்டடி வலையுருளையை மேலே ஏற்றி நார் நிரப்பி, தொங்கிய நுனியை மெதுவாக நிமிர்த்திக் கணுவுக்குக் கீழே வாழை நாரால் கட்டினேன். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, அடுத்து கூரையில ஓட்டை போடுவீங்களா?" என்று கேட்டார். எங்கள் கூரை பத்தடி. கம்பம் இப்போது ஆறடி. நேற்றுக் காலை புதுக்கட்டுக்கு அருகே வேர்முனை வெள்ளையாகத் தெரிந்தது, இரண்டு மில்லிமீட்டர்.